மேலாளின் நல்ல பெயர்: பர்மா வட்டிக்கடைகளில் நம்பிக்கை நடந்த விதம்

பணியிடத்தில் ஒருவர்மேல் மற்றவர்கள் கொள்ளும் நல்லெண்ணமும் நம்பிக்கையும் அவருடைய திறமைக்கு இணையான மதிப்புடையவை என்ற உண்மையைத் தொழிலின் அடித்தளமாகவே ஆக்கி, கடல் கடந்த நாடுகளில் ஏறத்தாழ நூறாண்டுக் காலம் நடத்திக் காட்டியவர்கள் செட்டிநாட்டு நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள். காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ இருந்துகொண்டு, தன் சொத்தின் பெரும்பகுதியை ஐராவதி ஆற்றுப் படுகையின் ஏதோ ஓர் ஊரில் மற்றொருவர் கையில் ஒப்படைத்துவிட்டு, அந்த ஊரை ஒருமுறைகூடப் பார்க்காமலே முதலாளி காலம் கழிக்க முடிந்தது. அவர் நம்பி அனுப்பிய ஆளோ ரொக்கத்தை எண்ணிக் கொடுக்கவும், நிலத்தை ஈடாக வாங்கவும், வழக்குத் தொடுக்கவும், கடையின் பெயரில் கையெழுத்திடவும் முழு அதிகாரம் பெற்ற சம்பளக்காரராக இருந்தார். ஏமாற்றுவதற்கு இத்தனை வாய்ப்புகள் திறந்து கிடந்த ஓர் அமைப்பு ஏன் மோசடியால் குலைந்து போகவில்லை என்ற கேள்விக்கு, ஒரே சாதியார் என்பதால் ஒருவரை ஒருவர் நம்பினார்கள் என்று எளிதாக விடை சொல்லிவிடுவது வழக்கம். அந்த விடை போதாது. ஒரே சாதியாரிடையே, ஏன், ஒரே வீட்டாரிடையேகூடப் பணத்தகராறு உண்டு என்பதை நகரத்தார் நன்கு அறிந்திருந்தார்கள். அதனால்தான் ஒரே வளவு வீட்டில் வாழ்ந்த அண்ணன் தம்பிகள்கூட, திருமணமான ஒவ்வொரு தம்பதியரையும் ஒரு தனிப் ‘புள்ளி’யாகக் கொண்டு வரவு செலவைப் பிரித்தே வைத்திருந்தார்கள். அவர்களுடைய நம்பிக்கை பிறப்பால் தானாக வந்ததன்று. வேலை பழக்கும் முறையாலும், சம்பளம் பேசும் முறையாலும், ஓர் அறையில் கூடி வாழ்ந்த முறையாலும் ஆள் ஆளாகச் சோதித்துச் சேர்க்கப்பட்டது என்பதே வரலாற்றிலிருந்து தெரிவது.

இந்தத் தொழிலின் புறவரலாறு பலரும் அறிந்தது. இளையாத்தங்குடி, மாத்தூர், பிள்ளையார்பட்டி முதலான ஒன்பது கோவில்களைப் பிரிவுகளாகக் கொண்டு, 96 ஊர்களில் பரவியிருந்ததாகத் தம் மரபு சொல்லும் இந்தச் சமூகத்தார், உப்பு, அரிசி, முத்து என்று வாணிகம் செய்து வந்தவர்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேய ஆட்சியின் பின்னே இலங்கைக்கும் மலாயாவுக்கும் பர்மாவுக்கும் சென்றார்கள். 1852-இல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் வசமாகி, 1869-இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டு ஐரோப்பியச் சந்தை அரிசிக்கு நெருங்கி வந்தபோது, காடும் சதுப்புமாகக் கிடந்த ஐராவதிப் படுகையைத் திருத்தி வயலாக்கப் பர்மியக் குடியானவருக்குப் பணம் தேவைப்பட்டது. கிராமத்து உழவரை ஆங்கிலேய வங்கிகள் எட்டிப் பார்க்காத அந்தக் காலத்தில் அந்தப் பணத்தைக் கொண்டு சென்றவர்கள் நகரத்தாரே. 1929-30-இல் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு கணக்கெடுத்தபோது, அந்நாட்டில் இருந்த நகரத்தார் கடைகள் ஏறத்தாழ 1,650; அவற்றில் புழங்கிய பணம் சுமார் 75 கோடி ரூபாய்; கொடுத்த கடனில் மூன்றில் இரண்டு பங்களவு வேளாண்மையில் இருந்தது. இத்தனை கடைகளிலும் பெட்டியருகே அமர்ந்திருந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் முதலாளிகள் அல்லர், முதலாளிகளின் ஆட்கள் என்பதை மனத்தில் இருத்தினால்தான் 75 கோடி என்ற தொகையின் பொருள் முழுமையாக விளங்கும்.

அந்த ஆள் உருவான விதம் விரிவாகச் சொல்லத் தக்கது. கடையின் படிநிலையில் கடைசியில் இருந்தவன் பெட்டியடிப் பையன்: பணப்பெட்டியின் அருகே உட்கார்ந்து ஏவல் செய்துகொண்டே தொழில் கற்கும் சிறுவன். அவனுக்கு மேலே அடுத்தாள், அதாவது கணக்கெழுதி, வசூலுக்குப் போய்வரும் உதவியாளர். எல்லாருக்கும் மேலே மேலாள். ஏஜெண்டு என்று ஊரார் சொன்னது இவரைத்தான். பையன் கடைக்கு வருமுன்பே எண்சுவடியை மனப்பாடமாகக் கற்று, முந்திரி, காணி, மா, வீசம் என்ற கீழ்வாயிலக்கங்களை, அதாவது பின்னங்களை, தாளில் எழுதாமல் வாயாலேயே பெருக்கிச் சொல்லப் பழகியிருப்பான். முந்திரி என்பது 320-இல் ஒரு பங்கு என்பதை நினைத்துப் பார்த்தால், ஒரு தொகைக்கு ஒரு நாளின் வட்டியைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் அந்தப் பழக்கம் எத்தனை நுட்பமானது என்று புரியும். ஆனால் கணக்கு வருவது தொழிலின் பாதிதான். கடையைக் கூட்டுவது, விளக்கேற்றுவது, கடிதத்தைப் படியெடுப்பது, பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாமலிருப்பது, எண்ணக் கொடுத்த காசை எண்ணிய இடத்திலேயே திருப்பி வைப்பது ஆகிய சிறு செயல்களில் பையனின் குணம் நாள்தோறும் மற்றவர் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. பல ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு முதலாளி அவனை மேலாளாக அனுப்பலாமா என்று யோசிக்கும்போது விசாரிப்பது இந்த ஆண்டுகளைத்தான். யார் கடையில் பழகினான், அங்கே எப்படி இருந்தான் என்ற இரண்டு கேள்விகளுக்கு நல்ல விடை கிடைக்காத பையனுக்கு, கணக்கில் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும், மேலே போக வழி குறுகியது.

விசாரணை முடிந்து ஆள் முடிவானதும், நல்ல நாள் பார்த்துச் ‘சம்பளச் சீட்டு’ எழுதப்படும். எந்த ஊர்க் கடை, என்ன சம்பளம், எத்தனை காலம் என்பவற்றைச் சொல்லும் இந்த ஒப்பந்தத்தின் தவணை பெரும்பாலும் மூன்று ஆண்டுகள். சம்பளத்தில் ஒரு பகுதியை முன்பணமாகவே கொடுத்துவிடுவது வழக்கம். கப்பல் செலவும், போன இடத்தில் சாப்பாட்டுச் செலவும் கடையைச் சேர்ந்தவை. தவணை முடிவில், கடை நல்ல நிலையில் இருந்தால், லாபத்தில் ஒரு சிறு பங்கும் உண்டு. மேலாள் தம் சொந்தக் கணக்கில் கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ளக் கூடாது. மேலோட்டமாகப் பார்த்தால் முதலாளிக்குப் பாதகமாகத் தோன்றும் முன்பணம்தான் இந்த ஏற்பாட்டின் மிக நுட்பமான பகுதி என்று கொள்ள இடமிருக்கிறது. வேலை தொடங்குமுன்பே கூலி கொடுப்பவர் முதலில் தம் நம்பிக்கையைக் காட்டுகிறார்; வாங்குபவரின் குடும்பம் அந்தப் பணத்தில் ஊரிலே சாப்பிடுகிறது; ஊரிலே இருக்கும் குடும்பமோ முதலாளியின் குடும்பத்தோடு ஒரே கோவிலில், ஒரே திருமண வட்டத்தில் புழங்குகிறது. மூன்றாண்டு என்ற எல்லையும் அப்படியே. அடுத்த சீட்டு இதே முதலாளியிடமிருந்து வரலாம், வேறொருவரிடமிருந்தும் வரலாம். எப்படியானாலும் அது வருவதும் வராததும் முடிந்த மூன்று ஆண்டுகளைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. ஊர் திரும்பிய மேலாள் சில காலம் வீட்டில் இருக்கும் வழக்கம் உண்டு. அந்த இடைக்காலத்தில் அவருடைய பெயர் செட்டிநாட்டு முற்றங்களில் எடைபோடப்பட்டது.

இதற்குக் கொடுத்த விலையையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ‘கொண்டு விற்க’ப் போனவர், அதாவது கடல் கடந்து தொழிலுக்குப் போனவர், மனைவியை அழைத்துப் போகும் வழக்கம் நெடுங்காலம் இல்லை, திருமணமான சில மாதங்களில் கப்பலேறி, பிறந்த குழந்தையை மூன்று வயதில் முதன்முறையாகக் கண்ட தகப்பன்மார் அந்தத் தலைமுறைகளில் அரிதானவர்கள் அல்லர். முதலாளியின் மனத்தில் மேலாளைப் பற்றிய நல்லெண்ணம் நிலைத்திருக்க ஊரில் ஓர் ஆச்சி தனித்திருந்து, மாமனார் மாமியாரைப் பார்த்து, சடங்குகளில் குறை வராமல் நடந்து, வீட்டின் பெயரைக் காப்பாற்றியிருக்கிறார். அந்த உழைப்புக்குச் சம்பளச் சீட்டில் ஒரு வரியும் இல்லை.

கடல் கடந்த இடத்தில் மேலாள் தனியே விடப்படவில்லை. ரங்கூனின் முகல் தெருவிலும், பினாங்கிலும், சிங்கப்பூரின் மார்க்கெட் தெருவிலும் நகரத்தார் தொழில் நடத்திய நீண்ட கூடங்களுக்குக் கிட்டங்கி என்று பெயர். தெருவிலிருந்து பின்கட்டு வரை ஒரே நீளமாக ஓடும் கூடத்தின் இரு சுவர்களையும் ஒட்டி, ஒவ்வொரு கடைக்கும் சில அடி அகலமே உள்ள இடம். அந்த இடத்தில் ஒரு பெட்டகம், தரையில் சம்மணமிட்டு எழுத ஏற்ற உயரத்தில் ஒரு சாய்வு மேசை, சுவரோரம் பேரேடுகள். பகலில் அந்தச் சில அடிதான் கடை. இரவில் பாயை விரித்தால் அதுவே படுக்கை. சமையல் பொது, பந்தி பொது, கும்பிடப் போகும் தண்டாயுதபாணி கோவிலும் பொது. ஒரே கூடத்தில் பல கடைகள், அவற்றில் பல ஒன்றோடொன்று போட்டியிடுபவை, இடையிலே தடுப்பில்லாமல் உட்கார்ந்திருந்தன. யாரிடம் யார் வந்து கடன் கேட்டார்கள், எந்த மேலாள் பொறுமையாகப் பேசினார், யார் குரலை உயர்த்தினார், யார் இரவில் நேரம் கழித்து வந்தார், யார் புதிதாக மோதிரம் போட்டிருக்கிறார் என்பவை எதுவும் அங்கே மறைபொருளாக இருக்க முடியாது. காரைக்குடியில் இருக்கும் முதலாளி தம் ஆளை வேவு பார்க்க யாரையும் அமர்த்த வேண்டியதில்லை; ஊருக்குத் திரும்பும் எவரும் பேச்சுவாக்கில் சொல்லும் ஒரு சொல்லே போதும்.

இந்தக் கண்காணிப்பை மட்டும் பார்த்து, கிட்டங்கியை ஒரு சிறையாக எண்ணிவிடக் கூடாது. பக்கத்துப் பாயில் படுப்பவரிடம் நல்ல பெயர் எடுத்த மேலாளுக்குக் கிடைத்த பயன்கள் மிக உறுதியானவை. மாலையில் ஒரு பெரிய உண்டியலுக்கு, அதாவது ஓர் ஊர்க் கடை மற்றோர் ஊர்க் கடைமேல் எழுதிக் கொடுக்கும் பணக் கட்டளைச் சீட்டுக்கு, உடனே ரொக்கம் கொடுக்க வேண்டி வந்து பெட்டியில் பணம் போதாவிட்டால், அடுத்த மேசைக்காரர் கைமாற்றாகக் கொடுத்து உதவுவார். அந்த உதவி வராவிட்டால் உண்டியல் திரும்பும், உண்டியல் திரும்பிய கடையின் விலாசத்துக்கு, அதாவது பரம்பரை முன்னெழுத்துகளால் ஆன கடைப்பெயருக்கு, அதன்பின் மதிப்பில்லை. நோய்வாய்ப்பட்டால் கணக்கைப் பார்த்துக்கொள்வதும், புதிதாக வந்தவருக்குப் பர்மிய மொழியும் ஊர் நிலவரமும் சொல்லிக்கொடுப்பதும் பக்கத்துக்காரரே. கடைகளுக்கிடையே புழங்கிய பணத்துக்கு ‘நடப்பு வட்டி’ என்னும் பொது வட்டி விகிதத்தை ரங்கூன் முகல் தெருக் கோவிலில் மாதந்தோறும் கூடி முடிவு செய்தார்கள். ஒருவர் பணம் மற்றவர் கடையில் கிடந்து, ஒவ்வொரு கடையும் மற்றக் கடைகளுக்குக் கடன்காரராகவும் கடன் கொடுத்தவராகவும் ஒரே சமயத்தில் இருந்த இந்த வலைப்பின்னலைத்தான், ஒரு சாதியே வங்கியாக இயங்கிய விதம் என்று டேவிட் ரட்னர் 1994-இல் வெளியான தம் ஆய்வு நூலில் விளக்கினார். அவ்வளவு பெரிய அமைப்பின் கடைசிக் கண்ணி, தன் மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் மனிதரைப் பற்றி ஒரு மேலாள் கொண்டிருந்த தனிப்பட்ட அபிப்பிராயமே என்பதை அந்த விளக்கத்தோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். பெண்களின் சீதனப் பணமான ‘ஆச்சிமார் பணம்’ ஒரு கடைக்கு வைப்பாக வந்ததும் முதலாளி வீட்டின் மேலும், அவர் தேர்ந்தெடுத்த ஆட்களின் மேலும் இருந்த மதிப்பால்தான்.

நாவால் சொல்லும் பெயரை எழுத்தால் சரிபார்க்கவும் வழி இருந்தது. கணக்கின் நகல்களும் கடிதங்களும் முறை தவறாமல் ஊருக்குப் போயின. காலந்தோறும் ஐந்தொகை, அதாவது கடையின் கொடுக்க வேண்டியதையும் வர வேண்டியதையும் ஒருங்கே காட்டும் இருப்புக் கணக்கு, முதலாளிக்கு அனுப்பப்பட்டது. எல்லாவற்றிலும் கடுமையான சோதனை ஆள் மாறும் வேளை. புதிய மேலாள், பழையவர் புறப்படுமுன்பே வந்து சேர்ந்து, அவரோடு கிராமம் கிராமமாகச் சென்று கடன்காரர்களை நேரில் பார்த்து, கடன் பத்திரங்களை ஒவ்வொன்றாகப் பேரேட்டோடு ஒப்பிட்டுப் பொறுப்பை ஏற்பார். வராத கடனை வரும் கடன் என்று எழுதி வைத்திருந்தால் அது வெளிப்படும் இடம் இதுவே. தமக்குப் பின் வரப்போகும் ஒருவர் தம் வேலை முழுவதையும் வரி வரியாகப் படிக்கப் போகிறார் என்று தெரிந்தே மேலாள் மூன்று ஆண்டுகளும் எழுதினார்.

இவ்வளவும் ஒரு திசையில் மட்டுமே நடந்தது என்பதில்தான் இந்த வரலாற்றின் துயரம் இருக்கிறது. மேலாளின் பெயரைத் தீர்மானித்தவர்கள் முதலாளி, கிட்டங்கித் தோழர், ஊர்ச் சமூகம் ஆகியோர். கடன் வாங்கிய பர்மியக் குடியானவர் அந்த வட்டத்தில் இல்லை. தொடக்கக் காலத்தில் அந்த விலக்கம் பெரிதாகத் தெரியவில்லை, ஏனெனில் நகரத்தாரின் வட்டி உள்ளூரில் கடன் கொடுத்தவர்களின் வட்டியைவிடப் பொதுவாகக் குறைவாக இருந்தது. நெல் விலை ஏறிக்கொண்டிருந்தவரை, சொன்ன சொல் தவறாதவர், பத்திரத்தில் எழுதியதற்குமேல் கேட்காதவர் என்ற மரியாதை மேலாளுக்குக் கிராமத்திலும் இருந்தது. நிலத்தைப் பறிப்பதைவிடப் பணத்தைத் திரும்பப் பெறுவதே தொழிலுக்கும் நல்லது என்பதால் அவரும் தவணைக்கு இடம் கொடுத்தார். 1930-இல் உலகப் பொருளாதார மந்தத்தால் நெல் விலை பாதிக்குக் கீழே சரிந்தபோது நிலைமை தலைகீழானது. அந்த வேளையில் கடனைத் தள்ளிக் கொடுக்கவோ குறைத்துக்கொள்ளவோ துணிந்த மேலாள் கிராமத்தில் விரும்பப்பட்டிருப்பார்; ஆனால் அந்த விருப்பத்தை எழுத ஐந்தொகையில் ஒரு பத்தி கிடையாது. அங்கே எழுதப்படுவது வசூலும் ஈடும் மட்டுமே. அவற்றைக் காட்ட முடியாத ஆளுக்கு அடுத்த சம்பளச் சீட்டு சந்தேகம். தம் கடைக்குப் பணம் வைத்தவர்களும் அதே நெருக்கடியில் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தனி மனிதர்களின் கொடுமனமே காரணம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. உள்ளே நம்பிக்கையைக் காத்த அதே விதிகள் வெளியே இரக்கத்துக்கு இடம் விடாமல் இறுக்கின. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் பயிர் நிலத்தில் சுமார் 6 விழுக்காடாக இருந்த நகரத்தார் உடைமை, 1938-இல் 25 விழுக்காடாயிற்று. ஏறத்தாழ 25 லட்சம் ஏக்கர் நிலம் கடனுக்கு ஈடாகக் கடைகளின் பெயருக்கு வந்து சேர்ந்தது. முதலாளிகள் வேண்டியது நிலமன்று, பணம். விற்க ஆளில்லாத நிலம் அவர்களுக்குச் சுமையே. ஆனால் தாம் திருத்திய வயலில் தாமே குத்தகைக்காரராகிவிட்ட உழவரிடம் அந்த விளக்கம் எப்படிச் செல்லும்? 1930 டிசம்பரில் தரவாடியில் தொடங்கிய சாயா சான் கிளர்ச்சி வரிக்கொடுமையின் மேலும் கடன்கொடுமையின் மேலும் மூண்ட கோபமாக இருந்தது. அடுத்த பத்தாண்டில் ‘செட்டி’ என்ற பெயரே பர்மிய அரசியல் மேடைகளில் வசைச்சொல்லாக மாறியது.

மற்றவை விரைவாக நடந்து முடிந்தன. 1937-இல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டது. 1941 டிசம்பரில் ரங்கூன் மேல் ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. பத்திரங்களையும் பேரேடுகளையும் விட்டும் சுமந்தும் மேலாட்கள் கப்பலிலும் கால்நடையாகவும் நாடு திரும்பினார்கள். 1948-இல் சுதந்திரப் பர்மா நில நாட்டுடைமைச் சட்டம் இயற்றியது. 1963-64-இல் வங்கிகளும் வாணிகமும் அரசுடைமையானபோது எஞ்சியதும் போயிற்று. இந்தச் சரிவை ஓரளவு முன்னுணர்ந்தவர்போல, எம். சிடி. எம். சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10-ஆம் நாள் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைக் காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று இடங்களிலும் ஒரே நாளில் தொடங்கினார். நகரத்தாரல்லாதவர் பணத்தையும் வைப்பாக ஏற்று, நகரத்தாரல்லாதவரையும் வேலைக்கு அமர்த்தும் கூட்டுப் பங்கு வங்கியில், யார் கடையில் பழகினான் என்ற கேள்வியின் இடத்தைப் படிப்புச் சான்றிதழும் தணிக்கையாளரின் கையெழுத்தும் எடுத்துக்கொண்டன. முன்பு பிறப்பு வட்டத்துக்கு வெளியே இருந்த திறமையாளர் பலருக்கு அது கதவைத் திறந்த மாற்றம் என்பதால் வரவேற்கத் தக்கது.

ஆயினும் மலாயாக் கரையில் பழைய அளவுகோல் இன்னும் சில காலம் நீடித்தது. சிங்கம்புணரியில் பிறந்து, இளம் வயதிலேயே சுமத்ராவின் மேடான் நகரக் கடையொன்றில் வேலைக்குப் போன ப. சிங்காரம், 1959-இல் வெளியான தம் ‘கடலுக்கு அப்பால்’ நாவலில் பினாங்கு வட்டிக்கடை ஒன்றின் உள்ளுலகத்தை, அதில் இருந்து பார்த்தவருக்கே உரிய துல்லியத்தோடு எழுதியிருக்கிறார். அதன் நாயகன் செல்லையா, முதலாளியின் முழு நம்பிக்கையைப் பெற்று, அவர் மகளை மணக்கவும் இருந்த அடுத்தாள். போர்க்காலத்தில் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து துப்பாக்கி ஏந்திவிட்டுத் திரும்புகிறான். அவன் திருடவில்லை, கணக்கில் பிசகவில்லை, முதலாளிக்கு அவன்மேல் அன்பும் குறையவில்லை. ஆனால் பட்டாளத்தில் இருந்து வந்த மனம் பெட்டியடியில் அடங்கி உட்காராது என்று முதலாளி கருதுகிறார், திருமணப் பேச்சும் முறிகிறது. வட்டித்தொழில் தன் ஆளிடம் எதிர்பார்த்தது நாணயத்தோடு அடக்கமும், நாளை எப்படி நடந்துகொள்வான் என்று இன்றே சொல்லிவிடக்கூடிய சீரான சுபாவமும்தான் என்பதையும், பல ஆண்டுகள் சேர்த்த பெயர் அந்தச் சீர் கலைந்தது என்ற ஐயம் ஒன்றினாலேயே விலை போய்விடும் என்பதையும், வங்கி விசாரணைக் குழுவின் அறிக்கைகளில் காண முடியாத தெளிவோடு அந்த முதலாளியின் மறுப்பு காட்டுகிறது.